இருவாக்கு

சொரிமுத்து நடு ஓடையில் ஒரு பாறையின் மேல் நின்றுகொண்டிருந்தான். கரையில் நின்ற முத்துவடிவுக்கு அவன் சட்டையின் நிறம் தெரிந்தது, கையை ஆட்டுவது தெரிந்தது. என்ன சொல்கிறான் என்பது மட்டும் கேட்கவில்லை. நடுவில் ஓடிய தண்ணீர் அப்படி இரைந்தது.

காலையில் மலைத்தோட்டத்துக்கு மங்குஸ்தான் பறிக்கப் போனவன் அவன். குற்றாலத்துக்கு மேலே இரட்டைப்பாறை ஓடையைத் தாண்டித்தான் அந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டும். போகும்போது நடைகற்கள் வெளியே தெரிந்தன. அவற்றின் மேல் மிதித்துப் போய்விட்டான். மத்தியானம் கூடையோடு திரும்பி வரும்போது, பாதி ஓடையில், மலையில் எங்கோ பெய்த மழை செம்மண் நிறத்தில் இறங்கிவிட்டது. கூடையை எறிந்துவிட்டுப் பக்கத்திலிருந்த பாறையில் தாவி ஏறினான். நடைகற்கள் முழுகிப்போயின. பாறைக்குக் கீழே, கல் எறிந்தால் விழுகிற தூரத்தில், ஓடை முடிந்து அருவியாக விழுகிறது.

தென்காசியிலிருந்து தீயணைப்பு வண்டி வந்திருந்தது. கயிறு எறிந்து பார்த்தார்கள். தண்ணீர் அதைப் பறித்துக்கொண்டு போயிற்று. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கியவரை மூன்று பேர் சேர்ந்து இழுத்துக் கரையேற்ற வேண்டியதாயிற்று. அலுவலர் மூசா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு முத்துவடிவிடம் வந்தார்.

"தண்ணி ஒரு அடி எறங்குனா போதும்மா, நாங்க போயிருவோம். ஆனா ஏறிக்கிட்டேல்லா இருக்கு. பொழியார்ல தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வந்து ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க."

பொழியார் எல்லாரும் அவளுக்குத் தெரிந்தவர்கள்தான். தெரிந்திருந்து என்ன பயன்?

அந்தச் சீமையில் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "நீங்க பொழியா, நிலையா?" என்பதுதான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பார். பரோட்டாக் கடையில் இலை போடுகிறவர் கேட்பார். பொழியாள் அருவியில் இருக்கிறாள். நிலையன் மலைப்பாறையில் இருக்கிறான். இருக்கிறார்களா இல்லையா என்று அங்கே யாரும் சண்டை போட்டதில்லை. அவள் கோபித்தால் சாரல் நின்றுபோவதையும், அவன் புரண்டால் வீட்டுச் சுவர் பிளப்பதையும் எல்லாரும் கண்ணால் பார்த்தவர்கள். யார் பெரியவர் என்பதுதான் சண்டை.

கடலுக்குப் போகப் புறப்பட்ட பொழியாளை நிலையன் குறுக்கே படுத்து மறித்தான், அவள் அவன் தலை மேல் ஏறிக் குதித்துப் போனாள் என்பார்கள் பொழியார். மண்ணுக்குள் சுவறிச் சாகக் கிடந்தவளை நிலையன்தான் தோளில் தூக்கி வைத்தான், நன்றி கெட்டவள் குதித்து ஓடிவிட்டாள் என்பார்கள் நிலையார். ஓடுவதுதான் உயிர், நின்றால் பிணம் என்பது பொழியார் கட்சி. ராத்திரி குடத்தில் தண்ணீர் வைக்கமாட்டார்கள், கவிழ்த்துவிடுவார்கள். நிற்பதுதான் சாமி, ஓடுவதெல்லாம் பேய் என்பது நிலையார் கட்சி. ஓடுகிற தண்ணீரில் கால் நனைக்கமாட்டார்கள்.

விவரம் தெரிகிற வயதில் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு சாமிக்கு வாக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்த அன்றிலிருந்து அந்தச் சாமிக்கு மட்டும்தான் அந்தப் பிள்ளையின் குரல் கேட்கும். மற்றது என்ன கத்தினாலும் திரும்பாது.

முத்துவடிவு பொழியார் வீட்டில் பிறந்தவள். சாதாரண வீடும் இல்லை. தண்ணீரோடு பேசுகிற 'நீர்வாய்' பெண்கள் அந்த வீட்டிலிருந்துதான் வந்தார்கள். இப்போது அவளுடைய அக்கா பொன்செல்விதான் நீர்வாய். சின்ன வயதில் முத்துவடிவுக்கும் அருவி பேசுவது கேட்கும். வார்த்தை வார்த்தையாக இல்லை, அடுத்த அறையில் அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது போல. சொரிமுத்துவைக் கட்டிக்கொள்வதற்காக நிலையன் கோவிலில் கூழாங்கல்லை நாவில் வைத்து வாக்கு மாற்றினாள். வெளியே வந்து பேரருவியைத் தாண்டும்போது காதில் விழுந்தது வெறும் இரைச்சல். அன்றைக்கு அவள் அழுததைக் கல்யாண அழுகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது கரையில் மண்டியிட்டு, வெட்கத்தை விட்டு, "பொழியா தாயே, அவர விட்டுரு, தாயே" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். தண்ணீர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சொரிமுத்துவின் செருப்பு நனைந்தது.

நிலையார் தெருவிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். மூக்காண்டி அவர்களுக்குப் பெரியவர், பாறைக்கோவிலில் வாக்குச் சொல்கிறவர். சொரிமுத்துவுக்குப் பெரியப்பா முறை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவரிடம் முத்துவடிவு ஓடினாள்.

"மாமா, ஏதாவது செய்யுங்க மாமா."

"பாறை நிக்கும் தாயி. நிலையன் மேல நிக்கவனுக்கு என்ன பயம்?"

"தண்ணி காலுக்கு வந்துட்டே!"

"காலுக்குத்தான வந்திருக்கு."

அவர் குரலில் கேலியே இல்லை. அவர் அப்படித்தான் நம்பினார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. முழங்காலுக்கு வந்தாலும், கழுத்துக்கு வந்தாலும், அவன் போன பிறகும் இவர் இப்படியே சொல்லிக்கொண்டு நிற்பார்.

"அப்ப பாறைய உசத்தச் சொல்லுங்க."

மூக்காண்டி அவளை முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

"நின்னவன அசையச் சொல்லுதியா?"

"ஆமா."

"அசைஞ்ச கல்லுக்கு ஒரு ஆளு குடுக்கணும். தெரியுமா ஒனக்கு?"

தெரியும். பாறைக்கோவில் குகையில் அப்படி ஒருவர் இருக்கிறார். யாரோ எப்போதோ நேர்ந்துவிட்ட பிள்ளை, இப்போது நரைத்துப்போனவர். கல்லுக்கு எண்ணெய் தடவுவது தவிர வேறு வேலை தெரியாது. மலையை விட்டு இறங்கியதில்லை. கோவில் கொடைத் திருவிழா சமயத்தில் பெற்றவர்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம். முத்துவடிவு போன வருஷம் பார்த்தபோது, கும்பிட வந்தவர்களில் ஒருவரைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. ஐந்து மாதம். இரண்டு நாளாகத்தான் உள்ளே அசைவு தெரிந்தது. சொரிமுத்துவிடம் சொன்னபோது அவன் நம்பாமல், கையை வைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

ஓடையைப் பார்த்தாள். அவன் பாறையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டான். நிற்க முடியவில்லை போலிருக்கிறது.

"குடுக்கேன்" என்றாள்.

மூக்காண்டி கரையிலிருந்த ஒரு கல்லைக் காட்டினார். அவள் குனிந்து அதில் வாயை வைத்து, "வயித்துல கெடக்கது ஒனக்கு" என்றாள். அவர் தரையில் நெற்றியை அழுத்தி, யாருக்கும் புரியாத மெதுவான குரலில் ஏதோ சொன்னார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காலடியில் ஒரு நடுக்கம். படுத்துக்கிடந்த எருமை முன்னங்காலை ஊன்றி எழுவதுபோல அந்தப் பாறை நீரைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. சொரிமுத்து குப்புற விழுந்து அதைக் கட்டிக்கொண்டான். ஓர் ஆள் உயரத்துக்குப் பாறை மேலே வந்து நின்றது. நிலையார் கூட்டம் கத்திக் கும்பிட்டது. முத்துவடிவு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இருக்கவில்லை. ஓடை ஒரு கணம் தயங்கியது. சுற்றி நின்றவர்கள் ஏதோ கேலி செய்தது காதில் விழுந்து ஒருத்தி திரும்பிப் பார்ப்பாளே, அப்படி. பிறகு மேலே காட்டுக்குள் மரங்கள் முறிகிற சத்தம் கேட்டது. வேரோடு பிடுங்கிய ஒரு மரத்தை முன்னால் உருட்டிக்கொண்டு தண்ணீர் வந்தது. பாறை எவ்வளவு ஏறியதோ அவ்வளவும் ஏறியது. அதற்கு மேலும் ஒரு சாண் ஏறியது.

"அய்யய்யோ, போட்டிக்கில்லா வந்துட்டா!" என்றார் மூசா.

"இன்னும் உசத்தச் சொல்லுதேன்" என்று மூக்காண்டி மறுபடி குனிந்தார்.

"வேண்டாம் மாமா!" முத்துவடிவு அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். நிலையார் பெரியவரை யாரும் அப்படித் தொட்டதில்லை. "நீங்க உசத்த உசத்த அவ ஏறுவா. ரெண்டு பேரும் எங்க போயி நிப்பாங்க? நடுவுல இருக்கது எம் புருஷன்!"

பெலிக்ஸின் ஜீப் பாதை ஓரத்தில் நின்றிருந்தது. சொரிமுத்துவின் கூட்டாளி, தோட்டத்துப் பழங்களைச் சந்தைக்கு ஏற்றுகிறவர். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். அவள் ஏறியதும் எங்கே என்று கேட்காமலே வண்டியைக் கிளப்பினார்.

"எங்க சாமி கடல்ல கெடக்கு தங்கச்சி. மலையேறாது. இல்லன்னா நானே கேட்டிருப்பேன்" என்று வளைவில் திருப்பும்போது சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

கீழே குற்றாலத்தில் சீசன் கூட்டம் அலைமோதியது. பேரருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் துண்டோடு குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். சிப்ஸ் கடைகளில் நேந்திரங்காய் பொரிகிற மணம். போலீஸ்காரர் விசிலடித்து ஜீப்பை மறிக்க, பெலிக்ஸ், "நீர்வாய் அம்மாவோட தங்கச்சி சார்" என்றார். தடுப்பு விலகியது. கல்யாணத்துக்குப் பிறகு யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை.

அருவிக்கு எதிரே இருந்த மண்டபத்தில் பொன்செல்வி உட்கார்ந்திருந்தாள். சாரல் அவள் மேல் அடித்துக்கொண்டிருந்தது. தங்கை உள்ளே வருவதைப் பார்த்தும் எழவில்லை.

"அக்கா."

"யாருக்கு யாரு அக்கா?"

"அவரு ஓடையில மாட்டிக்கிட்டாரு. தண்ணி ஏறுது. நீ ஒரு வார்த்தை சொன்னா எறங்கிரும்."

"அவன் சாமி எங்க போச்சு? நிக்க சாமி, அசையாத சாமின்னு தெருத்தெருவாச் சொன்னானே. காப்பாத்தட்டும்."

"அக்கா, ஒங் கால்ல விழுதேன்." விழுந்தாள். மண்டபத் தரையில் தேங்கியிருந்த தண்ணீரில் முகம் பட்டது.

பொன்செல்வி காலை நகர்த்தவும் இல்லை, அவளைத் தூக்கவும் இல்லை. "நீ போன அன்னைக்கு அம்மா குடத்தக் கவுக்காம தூங்கிட்டா. அறுபது வருஷமா கவுத்த கை. காலம்பற அதப் பாத்துட்டு ஒக்காந்து அழுதா. பெறவு எழுந்திரிக்கவே இல்ல. ஒனக்குச் சொல்லி அனுப்புனேன். வந்தியா?"

"வரவிடல."

"வரவிடலியா, வரலியா?"

முத்துவடிவு அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும் என்று மனம் அளந்துகொண்டிருந்தது.

"நிலையார் ஒருத்தருக்காக நான் அவகிட்ட ஒண்ணு கேட்டதில்லட்டி. எங்க அம்மையும் கேட்டதில்ல" என்றாள் பொன்செல்வி, கொஞ்சம் இறங்கிய குரலில். "கேட்டா சும்மா தரமாட்டா." அவள் பார்வை தங்கையின் வயிற்றுக்கு வந்தது. "எனக்குப் பிள்ளை இல்ல. எனக்குப் பெறவு இந்த மண்டபத்துல ஒக்கார ஆளு இல்ல. அதக் குடு. கேக்கேன்."

"எடுத்துக்கோ."

அவ்வளவு வேகமாக வந்த பதில் பொன்செல்வியை உறுத்தியது. குனிந்து தங்கையின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"வடிவு, என்னையப் பாரு. அங்கன நிலையங்கிட்ட ஒண்ணும் சொல்லிரலல்லா? சொல்லியிருந்தா இப்பச் சொல்லிரு. ஒரே பிள்ளைய ரெண்டு பேருக்கும் சொன்னா அது இருவாக்கு. சொன்னவளயும் விடமாட்டாங்க. கேட்டு வாங்கிக் குடுத்தவளயும் விடமாட்டாங்க."

அக்காவின் கண்கள் மிகப் பக்கத்தில் இருந்தன. அம்மாவின் கண்கள் போலவே ஓரத்தில் சுருங்கியிருந்தன. தன்னைப் பற்றி முத்துவடிவுக்குக் கவலையில்லை. ஆனால் இந்தப் பொய் தன்னோடு நிற்காது என்று இப்போது அக்காவே சொல்லிவிட்டாள். தெரியாமல் செய்தேன் என்று பிறகு சொல்ல வழியில்லை.

"இல்லக்கா" என்றாள். "ஒண்ணும் சொல்லல."

பொன்செல்வி எழுந்தாள். சாரலில் கையை நனைத்துத் தங்கையின் வயிற்றில் வைத்தாள். பிறகு அருவியைப் பார்த்துத் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்தாள். வெளியே நின்ற கூட்டத்தில் யாரோ, "ஏ, அங்க பாரு, அங்க பாரு" என்று கூவினார்கள். பேரருவி மெலிந்தது. பாறையையே மறைத்து விழுந்துகொண்டிருந்த தண்ணீர் ஒரு கயிறாக, பிறகு ஒரு நூலாகச் சுருங்க, பின்னாலிருந்த கரும்பாறை முழுக்க வெளியே தெரிந்தது.

முத்துவடிவு நன்றி சொல்ல நிற்கவில்லை. ஜீப்புக்கு ஓடினாள்.

மேலே இரட்டைப்பாறை ஓடை வடிந்துபோயிருந்தது. சேற்றில் மீன்கள் துள்ளின. முறிந்த மரம் குறுக்கே கிடந்தது. நடுவில் அந்தப் பாறை உயரமாக, தனியாக நின்றது. அதன் உச்சியில் சொரிமுத்து நின்றான். தீயணைப்பு ஆட்கள் ஏணியைச் சாத்தி, "எறங்குய்யா, எறங்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

அவன் இறங்கவில்லை.

"பொழியா விட்ட வழியில நான் கால வைக்க மாட்டேன்!" அவன் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது. தொண்டை கட்டியிருந்தது. "நடைகல்லு மேல கெடக்க சேத்த வழிச்சுப் போடுங்க, அது மேல வாரேன்!"

"எறங்காதலே!" என்று கரையிலிருந்து மூக்காண்டி கத்தினார். "நின்ன எடத்துல நில்லு! அவ தந்திரக்காரி!"

முத்துவடிவு எதையும் யோசிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள். "மாசமா இருக்கீங்கம்மா, போகாதீங்க" என்று மூசா பின்னால் வந்தார். அவள் கையை உதறிவிட்டு நடந்தாள். பாசியில் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள். பாறையடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவன் உதடு நீலமாக இருந்தது.

"எறங்குங்க."

"வடிவு, நீ ஏன் வந்த? கரைக்குப் போ."

"தண்ணி சும்மா வடியல. நான் வாங்கிட்டு வந்தேன். பாறையும் சும்மா உசரல. அதுவும் நான்தான் வாங்குனேன்." மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டுக்கும் ஒரே பிள்ளையச் சொல்லிட்டேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பாறையிலேயே சரிந்து உட்கார்ந்தான்.

"இருவாக்கு சொல்லிட்டியா?"

"ஆமா."

"ஏன்ட்டி? என்னைய விட்டிருக்கலாம்லா. நிலையன் மேல நின்னு செத்தா நான் கல்லாயிருப்பேன். எம் பிள்ளை தொட்டுக் கும்பிட ஒரு கல்லு இருந்திருக்கும்."

"கல்லுக்குச் சோறு போட்டுக் குழம்பு ஊத்தவா நான் வீட்ட விட்டு வந்தேன்?" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "எங்க அம்மை செத்ததுக்குப் போகல. அருவி பேசுனது போச்சு. இன்னைக்கு எங்க அக்கா மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னேன். இவ்வளவும் ஒரு கல்லுக்கா? நீங்க எறங்காட்டா நானும் போகல."

அவள் பாறையடியில், அந்த ஈர மணலில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் முதல் விரிசல் கேட்டது.

பாறை நடுங்கியது. கோபத்தில் ஒருவர் பல்லைக் கடிப்பதுபோல உள்ளுக்குள் நறநறத்தது. அதே நேரம் மேலே காட்டுக்குள்ளிருந்து ஒரு முழக்கம் புறப்பட்டது. எவ்வளவோ காலமாக ஒன்றை ஒன்று காணச் சகியாத அந்த இரண்டு சாமிகளும், தாங்கள் ஒரே பெண்ணால் ஏமாற்றப்பட்டதை ஒரே கணத்தில் தெரிந்துகொண்டுவிட்டார்கள். தூக்கி வைத்தவன் கீழே இழுத்தான். விலகி நின்றவள் திரும்பி வந்தாள்.

"ஓடுங்க! ஓடுங்க!" என்று மூசா அலறினார்.

முத்துவடிவு எழவில்லை. எழ முடியவில்லை என்பதுதான் சரி. சொரிமுத்து மேலிருந்து அவளைப் பார்த்தான், காட்டைப் பார்த்தான், கரையில் கையை உயர்த்திக்கொண்டு நின்ற பெரியப்பாவைப் பார்த்தான். பிறகு குதித்தான்.

பொழியாள் விட்ட வழியில் அவன் இரண்டு காலும் பதிந்தன. அவளைக் கையைப் பிடித்து இழுத்து, தோளில் சாய்த்துக்கொண்டு, பாதி நடையும் பாதி விழுகையுமாகக் கரையைப் பார்த்து ஓடினான். பின்னால் பாறை இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் இடுப்பில் வந்து மோதியபோது மூசாவின் கை முத்துவடிவின் தோளைப் பற்றியது. அவளைக் கரைக்குத் தள்ளிவிட்ட சொரிமுத்துவின் வலது கால் உருண்டு வந்த பாறைத் துண்டுக்கும் கரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் அந்த இரைச்சலிலும் அவளுக்குக் கேட்டது. ஐந்தாறு பேர் சேர்ந்து அவனை இழுத்துப் போட்டார்கள். பாறையின் ஒரு பாதி அருவியோடு போயிற்று.

சாயங்காலத்துக்குள் ஓடை பழையபடி முழங்கால் அளவுக்கு ஓடியது, ஒன்றுமே நடக்காததுபோல.

சொரிமுத்து தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூக்காண்டி ஒருமுறை வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, உள்ளேயும் வரவில்லை. சொரிமுத்துவின் வீட்டு வாசற்கல்லைப் பெயர்த்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, கதவோரம் வைத்துவிட்டுப் போனார். இனி அந்தத் தெருவில் உனக்கு வீடு இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். சொரிமுத்து அதை மடியில் வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"சும்மா கல்லா இருக்கு" என்றான் கடைசியில்.

அது எப்படி இருக்கும் என்று முத்துவடிவுக்குத் தெரியும். அவன் கையைப் பிடித்தாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

மலையடிவாரத்தில் இருக்கப் பயந்து வடக்கே ராயகிரிக்குப் போனார்கள். அங்கே ஒரு எலுமிச்சைத் தோட்டத்தில் காவல் வேலையும் தங்க ஓர் ஓட்டு வீடும் பெலிக்ஸ் பார்த்துக் கொடுத்தார். சொரிமுத்துவுக்குக் கால் கோணலாகக் கூடியது. கம்பு ஊன்றித்தான் நடந்தான். வேலை செய்தான், சாப்பிட்டான், அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. இரவில் அவன் தூங்காமல் கிடப்பது அவளுக்குத் தெரியும். அவளும் தூங்கவில்லை. வயிறு பெருக்கப் பெருக்கப் பயமும் பெருத்தது. பிள்ளையை யார் எப்போது வந்து கேட்பார்கள்? கிணற்றில் வாளியை இறக்குமுன் எட்டிப் பார்ப்பாள். படிக்கல்லில் கால் வைக்குமுன் ஒருமுறை தட்டிப் பார்ப்பாள். கும்பிட்டு அழக்கூட யாருமில்லை என்பதை அவள் அந்த நாட்களில்தான் முழுக்க உணர்ந்தாள்.

ஐப்பசி முடிகிற சமயத்தில் சிவகிரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அழுதது, பால் குடித்தது, மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்தது. யாரும் கேட்டு வரவில்லை. பெயர் வைக்க மட்டும் இருவருக்கும் துணிச்சல் வரவில்லை. பெயர் வைத்தால் கூப்பிடவேண்டும். கூப்பிட்டால் யார் காதில் விழுமோ.

ஒரு நாள் மத்தியானம், முத்துவடிவு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, தோட்டத்து வேலிப் படலைத் திறந்துகொண்டு பொன்செல்வி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. முகம் கறுத்துப்போயிருந்தது. தலைமுடி காய்ந்து, செம்பட்டை பாய்ந்து பறந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அக்காவை அப்படி அவள் பார்த்ததில்லை.

"ஒன்னைய மன்னிக்க வரல" என்றாள் பொன்செல்வி, நின்ற இடத்திலிருந்தே.

"தெரியும்."

"அன்னையிலேருந்து பொழியா பேசல. வாய வாய அசைக்கேன், பதில் ஒண்ணும் வரல. கேக்க வந்தவங்க எல்லாம் ஒருத்தர் ஒருத்தராப் போயிட்டாங்க. இப்ப மண்டபத்துல வேற ஒருத்தி ஒக்காந்திருக்கா." அவள் குரல் உடைந்தது. "நான் ஒங்கிட்ட கேட்டனேட்டி. மூஞ்சியப் பிடிச்சுக் கேட்டனே. ஒரு வார்த்தை உண்மையச் சொல்லியிருந்தா நான் வேற ஏதாவது குடுத்துக் கேட்டிருப்பேன். என்னையவே குடுத்திருப்பேன்."

முத்துவடிவின் கையிலிருந்த ஈரத்துணி மண்ணில் விழுந்தது. அப்படி ஒரு வழி இருந்திருக்கும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. அந்த அவசரத்தில் எதை நினைக்க முடிந்தது?

"அக்கா, நான்…"

"பேசாத."

உள்ளே குழந்தை அழுதது. இருவரும் அசையவில்லை. அழுகை கூடியது. சொரிமுத்து கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். பொன்செல்வியைப் பார்த்து நின்றான். ஒரு காலத்தில் அவன் வீட்டு வாசலைப் பொழியார் யாரும் மிதிக்க விட்டிருக்கமாட்டான். அவனைத் தன் மண்டபத்துப் பக்கம் அவளும் விட்டிருக்கமாட்டாள்.

"பசியில அழுது" என்றான் பொதுவாக. பிறகு, "உள்ள வாங்க மதினி. சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சோ."

பொன்செல்வி பையை இறக்கவில்லை. போவதா வருவதா என்று தெரியாமல் வேலியைத் திரும்பிப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் அவளுக்குப் போக இடமில்லை. மெதுவாகப் படியேறி உள்ளே போய், தொட்டிலில் கிடந்த குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு சாமிகளுக்கும் சொல்லி, இரண்டு பேரும் ஏற்காமல் விட்ட அந்தக் குழந்தை, முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தது.

"என்னத்தப் பார்த்துக்கிட்டு நிக்க? பிள்ளைக்குப் பால் குடு" என்று தங்கையை அதட்டிவிட்டு, அவளே குழந்தையைத் தூக்கி நீட்டினாள். நீட்டிய கை உடனே விடவில்லை.

முத்துவடிவு பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வானம் இருண்டது. மேற்கே மலை மறைந்தது. ஓட்டின் மேல் முதல் துளிகள் விழுந்தன, பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் பேச்சை நிறுத்திக் கூரையைப் பார்த்தார்கள். சொரிமுத்துவின் உதடு பழக்கத்தில் நிலையன் பெயரைச் சொல்லத் தொடங்கி நின்றது. பொன்செல்வி தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டாள். அவளுக்கு மழைச்சத்தம் மட்டும்தான் கேட்டது போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூலையில் ஓடு ஒழுகத் தொடங்கியது. சொரிமுத்து கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, நொண்டிக்கொண்டே போய்த் தொட்டிலை அவிழ்த்து ஒழுகாத பக்கமாகக் கட்டினான். பொன்செல்வி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். முத்துவடிவு குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவர் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். அவர்கள் இருவரும் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள். எந்தச் சாமியையும் கூப்பிடாமல், மழை என்ன செய்யப்போகிறது என்று பார்த்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.